கார்ட்டூன் பார்த்து வீட்டு இங்கிலீஷ் கற்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: மார்த்தாண்டம் பக்கம் ஊர். அம்மா பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர், அப்பா கல்ஃபில் வேலை, மகளுக்கு 6 வயது. வீட்டில் புழங்கும் இங்கிலீஷ் வார்த்தைகளை மகளோடு சேர்ந்து தானும் கற்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. போனில் இங்கிலீஷ் கார்ட்டூன் தினமும் ஓடுகிறது, ஆனால் பிள்ளை வாயில் ஒரு வாக்கியமும் வரவில்லை. எந்தக் கார்ட்டூனை, எப்படிப் பார்ப்பது?

பிள்ளை பேசாததற்குக் காரணம் கார்ட்டூன் அளவுக்கு மிஞ்சிப் போனதுதான். ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு வீடியோ ஓடினால் எந்த வார்த்தையும் காதில் நிற்காது. படமே கதையைச் சொல்லிவிடுவதால் காதுக்கு வேலையும் இல்லை. பிள்ளை சிரிக்கும், கதை புரியும், வார்த்தை மட்டும் ஒட்டாது. ஒட்ட வேண்டுமென்றால் ஒரே வார்த்தை ஒரே சூழலில் பல தடவை காதில் விழ வேண்டும், அன்றைக்கே வாயிலும் வர வேண்டும். ஆகவே வாரத்துக்கு ஒரே ஒரு ஐந்து நிமிட எபிசோடு போதும். அதையே திரும்பத் திரும்பப் பாருங்கள். அதில் வந்த பேச்சை, வீட்டில் அந்தக் காரியம் நடக்கும் இடத்திலேயே சொல்லுங்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் இதற்கான விவரம்தான்.

நம் குமரி மாவட்டத்துக்கு இந்த முறை புதிதல்ல. களியக்காவிளை, பனச்சமூடு பக்கம் பள்ளியில் மலையாளம் படிக்காமலே மலையாளம் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். பஸ்ஸிலும் சந்தையிலும் டிவியிலும் கேட்டதை எதிரில் நிற்பவரிடம் உடனே பேசிப் பார்த்ததால் வந்த பேச்சு அது. இங்கிலீஷுக்கு அப்படி எதிரில் நிற்க ஆள் கிடைப்பதில்லை. அந்த இடத்தில் அம்மாவும் மகளும் ஒருவருக்கொருவர் நின்றுகொள்ள வேண்டும்.

எதைப் பார்ப்பது என்பதில் கறாராக இருங்கள். கதை வீட்டைச் சுற்றி நடக்க வேண்டும், 5 முதல் 7 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும், பேச்சில் வரும் பொருள் அந்த நொடியில் திரையில் தெரிய வேண்டும். இந்த நாலுக்கும் நன்றாகப் பொருந்துவது பெப்பா பிக். 2004-ல் பிரிட்டனில் தொடங்கியது, ஒரு எபிசோடு சுமார் 5 நிமிடம். அப்பா, அம்மா, அக்கா, தம்பி என்று ஒரு குடும்பம். சாப்பாடு, குளியல், தூக்கம், மழை, தோட்டம், கார், டாக்டர் என்று அன்றாட விஷயங்கள். கதைசொல்லி ஒருவர் நடப்பதைச் சொல்வார், பாத்திரங்கள் பெரும்பாலும் அதையே தங்கள் வாயால் இன்னொரு தடவை சொல்லும். ஒரு வார்த்தை ஐந்து நிமிடத்துக்குள் பல முறை வருவது இப்படித்தான்.

அதுவும் கஷ்டமாகத் தெரிந்தால் போகோயோவில் தொடங்குங்கள். பின்னணி வெறும் வெள்ளை, திரையில் இரண்டு மூன்று பொருள்தான் இருக்கும், கதைசொல்லி குழந்தையோடு நிதானமாகப் பேசுவார். ப்ளூயி அருமையான தொடர் (ஆஸ்திரேலியா, 2018, சுமார் 7 நிமிடம்), ஆனால் அதில் அப்பாவும் பிள்ளைகளும் நிஜ வீட்டு வேகத்தில் பேசுகிறார்கள். தொடக்கத்தில் வேண்டாம், ஒரு வருடம் போகட்டும்.

டாம் அண்ட் ஜெர்ரியில் பேச்சே அபூர்வம், ஷான் தி ஷீப்பில் பேச்சு கிடையாது. பார்த்து மகிழலாம், வார்த்தை வராது. சண்டை போடும் சூப்பர் ஹீரோ கார்ட்டூன்களில் வருகிற 'அட்டாக்', 'டெஸ்ட்ராய்' எல்லாம் அடுக்களையில் எதற்கும் உதவாது. ரைம்ஸ் வீடியோக்கள் ஒலி பழக நல்லவை, ஆனால் மெட்டுக்காக வார்த்தையை இழுத்துப் பாடுவதால் பேச்சின் ஓசை அதில் கிடைக்காது. இன்னொன்று, சில வீடியோக்கள் தாமாகவே தமிழ் அல்லது இந்தி ஆடியோவில் ஓடும். செட்டிங்ஸில் ஆடியோ ட்ராக் என்ற இடத்தில் இங்கிலீஷை வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் கார்ட்டூனை முதலில் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாம் பேசுகிற லாரி, டார்ச், பிஸ்கட், பென்சிலோடு வைத்திருக்கும் ரப்பர் எல்லாம் பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கக் கார்ட்டூனில் அவை ட்ரக், ஃப்ளாஷ்லைட், குக்கி, இரேசர் என்று வரும். இரண்டும் சரிதான். முதல் வருடம் இரண்டையும் கலக்காமல் இருந்தால் பிள்ளைக்குக் குழப்பம் குறையும்.

இனி ஒரு வாரம் எப்படிப் போக வேண்டும் என்று பார்ப்போம். தினமும் 20 நிமிடம் போதும். திங்கட்கிழமை சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் பாருங்கள். 'இப்ப என்ன செய்யுது? கையில என்ன வச்சிருக்கு?' என்று தமிழிலேயே கேளுங்கள். கதை முதலில் தமிழில் பிடிபட்டுவிட்டால் மறுநாள் காது முழுக்க வார்த்தைக்குத் திரும்பும். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த பேக், ஷூ, பால் (பந்து), கார் எல்லாம் இங்கேயே வெளியே வந்துவிடும். தெரியாத பொருளுக்குப் பெயர் கேட்டால் உடனே சொல்லாதீர்கள், நாளைக்குக் காதால் பிடிக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை சத்தத்தோடு இரண்டு தடவை, எங்கும் நிறுத்தாமல், சப்டைட்டில் இல்லாமல். புதன்கிழமை இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டு அம்மா நிறுத்தி நிறுத்திப் பார்த்து, 6 முதல் 8 சொற்றொடரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் சப்டைட்டில் வேண்டாம், கண் தமிழைப் படிக்கத் தொடங்கியதும் காது ஓய்ந்துவிடும். மிஷின் தானாகப் போடும் சப்டைட்டிலில் குழந்தைக் குரல் வரும் இடங்களில் தப்பு நிறைய இருக்கும். எழுத்துக்கும் காதில் விழுவதற்கும் பொருத்தமில்லை என்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள்.

வியாழக்கிழமை ஒரு நிமிடக் காட்சி ஒன்றை மட்டும் எடுத்து, வரிக்கு வரி கூடவே சொல்லிப் பழகுங்கள். யூடியூபில் திரையின் இடது பக்கம் இரண்டு தட்டு தட்டினால் 10 நொடி பின்னால் போகும். வேகத்தை 0.75-க்குக் குறைக்கலாம், அதற்கும் கீழே போனால் குரல் இழுபட்டு ஓசை கெட்டுவிடும். வெள்ளிக்கிழமை வீடியோவே வேண்டாம். அம்மா ஒரு பாத்திரம், மகள் ஒரு பாத்திரம் என்று நடித்துப் பாருங்கள். சனிக்கிழமை மறுபடியும் சத்தத்தை அணைத்து ஓடவிட்டு, இந்தத் தடவை பிள்ளை குரல் கொடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பழைய நோட்டைப் புரட்டினால் போதும்.

புதன்கிழமை எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். தெரியாத வார்த்தையை எல்லாம் எழுதி, எதிரே தமிழ் அர்த்தம் எழுதினால் நோட்டு நிறையும், பேச்சு வராது. 'நாளைக்கு நம்ம வீட்டில் இதைச் சொல்ல வாய்ப்பு இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஸ்லெட்ஜ், ஸ்னோமேன், ஃபயர்ப்ளேஸ் எல்லாம் அப்போதே விழுந்துவிடும். கண்டிப்பாக எடுக்க வேண்டியவை வினைச்சொல்லோடு ஒரு வால் சேர்ந்து வருபவை: புட் ஆன், டேக் ஆஃப், பிக் அப், டர்ன் ஆஃப், டைடி அப், வேக் அப், ஹரி அப். பாடப்புத்தகத்தில் 'ரிமூவ்' என்று படித்திருப்போம். வீட்டுக்குள் யாரும் ஷூவை ரிமூவ் செய்யச் சொல்வதில்லை, 'டேக் ஆஃப்' என்றுதான் சொல்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் கார்ட்டூன் பாடப்புத்தகத்தை விட நல்ல வாத்தியார்.

இவற்றில் ஒரு விதி மட்டும் தெரிந்திருக்க வேண்டும். 'புட் ஆன் யுவர் ஷூஸ்' என்றும் சொல்லலாம், 'புட் யுவர் ஷூஸ் ஆன்' என்றும் சொல்லலாம். ஆனால் பொருளின் பெயருக்குப் பதிலாக 'இட்', 'தெம்' வந்தால் அது நடுவில்தான் வரும்: 'புட் தெம் ஆன்', 'டர்ன் இட் ஆஃப்'. 'புட் ஆன் தெம்' என்பது தப்பு. இதை இலக்கணமாகப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம், பத்துத் தடவை கேட்டால் தானாக வரும். அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ஒரு எபிசோடை எடுத்துச் செய்து பார்ப்போம். பெப்பா பிக்கின் முதல் எபிசோடே மழை பற்றியதுதான். மழை பெய்வதால் வெளியே விளையாட முடியவில்லை. மழை விட்டதும் சேற்றுத் தண்ணீரில் குதிக்கப் போகிறார்கள், அதற்கு பூட்ஸ் போட்டாக வேண்டும். ஜூன் மாதமும் மழை, ஐப்பசியிலும் மழை என்று இரண்டு பருவமும் வாங்குகிற நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான முதல் பாடம் கிடைக்காது.

சாயங்காலம் பிள்ளை பள்ளி விட்டு நனைந்து வந்து வாசலில் நிற்கும். அதுதான் வகுப்பு. 'மக்ளே, டேக் ஆஃப் யுவர் ஷூஸ்' என்று ஷூவைக் காட்டிச் சொல்லுங்கள். சாக்ஸைத் தொட்டுப் பார்த்து, 'யுவர் சாக்ஸ் ஆர் வெட். டேக் தெம் ஆஃப்.' காலில் சேறு இருந்தால், 'லுக், மட்! வைப் யுவர் ஃபீட்.' குடையைக் கையில் கொடுத்து, 'புட் தி அம்ப்ரெல்லா ஓவர் தேர்' என்று மூலையைக் காட்டுங்கள். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டும்போது 'ட்ரை யுவர் ஹேர்.' அவ்வளவுதான், மூன்று நிமிடம்கூட ஆகாது. அடுத்த மழை நாளில் அதே வரிசை, அதே வாக்கியங்கள். நாலைந்து தடவை ஆனதும் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள்: 'ஆர் யுவர் சாக்ஸ் வெட்?' பிள்ளை 'நோ' என்று மட்டும் சொன்னால், 'நோ, தே ஆர் ட்ரை' என்று நீங்கள் முழுதாகச் சொல்லிக் காட்டுங்கள். தப்பாகச் சொன்னாலும் 'தப்பு' என்று நிறுத்தாமல் சரியான வாக்கியத்தை மட்டும் திருப்பிச் சொல்லுங்கள்.

இதில் எல்லா வீட்டிலும் நடக்கும் தப்பு ஒன்று உண்டு. 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ், ஷூவைக் கழற்று' என்று ஒரே மூச்சில் இரண்டு மொழியிலும் சொல்லிவிடுவது. அப்படிச் சொன்னால் பிள்ளை இங்கிலீஷைத் தாண்டவிட்டுத் தமிழுக்காகக் காத்திருக்கும். இங்கிலீஷில் சொல்லி ஐந்து நொடி பொறுங்கள். புரியவில்லை என்றால் கையால் காட்டுங்கள். அதற்கும் நகரவில்லை என்றால்தான் தமிழ்.

நாம் இங்கிலீஷ் என்று நினைத்துப் பேசும் சில வார்த்தைகளை அங்கே வேறு மாதிரி சொல்வார்கள். 'பைப்பை மூடு' என்கிறோம். கார்ட்டூனில் பல் தேய்த்துவிட்டுக் கை மூடுவது 'டேப்' (tap). பைப் என்றால் தண்ணீர் ஓடி வரும் நீளக் குழாய் மட்டும்தான். கரண்ட் போனால் அவர்களுக்கு 'பவர்' போகிறது. கடையில் நாம் கேட்கும் கவர் அவர்களுக்கு 'பேக்'. நமக்குச் சாப்பிடும் இடம் ஹோட்டல், அவர்களுக்கு அது தங்கும் இடம், சாப்பிடுவது 'ரெஸ்டாரன்ட்' அல்லது 'கஃபே'. பீரோவை அவர்கள் 'கப்போர்ட்' அல்லது 'வார்ட்ரோப்' என்பார்கள். இவற்றுக்கு நோட்டில் கடைசி இரண்டு பக்கம் ஒதுக்கி, கண்ணில் பட்டபோதெல்லாம் எழுதுங்கள். அம்மாக்களுக்குத்தான் இந்தப் பக்கம் அதிகம் உதவும், ஏனென்றால் பழகிப்போன வார்த்தையை மாற்றுவது புது வார்த்தை படிப்பதை விடச் சிரமம்.

நம் அடுக்களையில் இருக்கும் பாதிப் பொருள் எந்தக் கார்ட்டூனிலும் வராது. அதற்கு வழி, கார்ட்டூனில் இருந்து வாக்கியத்தின் சட்டத்தை எடுத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றுவது. 'பீல் தி பனானா' என்று கேட்டால், மரச்சீனிக் கிழங்கு உரிக்கும்போது 'பீல் தி கசாவா'. 'வாஷ் தி ஆப்பிள்' என்றால் 'வாஷ் தி ஃபிஷ்'. சீஸ் துருவும் காட்சி வந்தால் 'க்ரேட் தி கோகனட்'. சக்கை ஜாக்ஃப்ரூட், சமைக்கிற ஏத்தங்காய் ப்ளான்டன், ரப்பர் பால் லேட்டக்ஸ், மீன் செதிள் ஸ்கேல்ஸ். கொளச்சல், முட்டம் பக்கக் கடற்கரை வீடுகளில் நெட், போட், வேவ்ஸ் ஆகிய மூன்றும் தினமும் கண்ணில் படும் பொருள்கள். கேட்ட வாக்கியத்தில் தன் வீட்டுப் பொருளை வைத்து ஒரு தடவை சொன்னாலே அது பிள்ளையின் சொந்தப் பேச்சாகிவிடும்.

நோட்டு மெல்லியதாக ஒன்று போதும். ஒரு வரியில் ஒரு சொற்றொடர், பக்கத்தில் பிள்ளை வரைந்த சின்னப் படம், தேதி. தமிழ் அர்த்தம் எழுத வேண்டாம். எழுதிய மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மாதக் கடைசி என்று நாலு தடவை புரட்டி, சொல்ல முடிந்ததற்கு ஒரு டிக். கற்றதில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாளிலேயே மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னை வைத்துச் சோதித்து எழுதினார். முதல் இரண்டு புரட்டலும் நெருக்கமாக இருப்பது அதற்காகத்தான். ஃபிரிட்ஜிலும் கதவிலும் பெயர் எழுதி ஒட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஒரு வாரத்தில் கண் அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும், வினைச்சொற்களை ஒட்டவும் முடியாது. 'ஓப்பன் தி ஃபிரிட்ஜ்' என்று வாயால் சொல்வது அதைவிட மேல்.

உச்சரிப்புக்கு மூன்று இடத்தில் மட்டும் கவனம் வையுங்கள். வார்த்தைக் கடைசியில் நாம் சேர்க்கும் உகரம்: கப்பு, பஸ்ஸு, கேக்கு. கார்ட்டூனில் அது மெய்யெழுத்திலேயே டக்கென்று நிற்கும். இரண்டாவது, எந்த அசை ஓங்குகிறது என்பது. பனானாவை நாம் சமமாகச் சொல்கிறோம், அவர்கள் நடு அசையை ஓங்கி, முன்பின் அசைகளை அமுக்கிவிடுகிறார்கள். மூன்றாவது, வார்த்தைகள் ஒட்டி வருவது. 'புட் இட் ஆன்' என்பது காதில் 'புட்டிட்டான்' என்றுதான் விழும். புரியாமல் போவதற்குப் பாதிக் காரணம் இந்த ஒட்டுதல்தான், வேகத்தைக் குறைத்துக் கேட்டால் பிரிந்துவிடும். இங்கே நான் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பதெல்லாம் ஒரு அடையாளத்துக்குத்தான், ஒலியைக் காதில் இருந்தே எடுங்கள். பிள்ளைக்குப் பிரிட்டிஷ் சாயல் வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

பாத்திரத்தின் மழலையைப் பிள்ளை பிடித்துக்கொள்வது வேறு விஷயம். பெப்பாவின் தம்பி ஜார்ஜ் டைனோசரை மழலையாகத்தான் சொல்வான். அங்கே நீங்கள் சரியாகச் சொல்லிக் காட்டுங்கள். அதே தொடரில் பிள்ளைகள் அப்பாவைச் செல்லமாக 'சில்லி' என்பார்கள். நம் வீட்டில் தாத்தாவையோ பள்ளியில் டீச்சரையோ அப்படிச் சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடும். அந்த வார்த்தையை விளையாட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பதிலாக 'ப்ளீஸ்', 'தேங்க் யூ', 'மே ஐ', 'ஸாரி' நாலையும் முதல் வாரத்திலேயே பழக்குங்கள்.

அப்பா கல்ஃபில் இருப்பதை இதில் நல்ல வசதியாக மாற்றலாம். வாரத்தில் அவருடைய லீவு நாளில் வீடியோ காலில் பிள்ளை அந்த வாரக் கதையை ஐந்து வாக்கியத்தில் சொல்லட்டும். அப்பா மூன்று கேள்வி மட்டும் கேட்டால் போதும்: 'ஹூ இஸ் இட்?', 'வேர் ஆர் தே?', 'வாட் ஹேப்பண்ட்?' அப்பா கதையைப் பார்க்காதவர் என்பதால் பிள்ளைக்கு நிஜமாகவே சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறது. அம்மாவிடம் சொல்லும்போது இந்தக் காரணம் இருக்காது.

திரை நேரம் பற்றி ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: 2 வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அக்காவோடு அதையும் போன் முன்னால் உட்கார வைத்துவிடாதீர்கள், அந்த வயதில் ஆள் முகம் பார்த்துப் பேசுவதில்தான் மொழி வரும். அடுத்த வீடியோவைத் தானாக ஓட்டும் ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் ஒரே எபிசோடு என்ற திட்டம் முதல் நாளே குலைந்துவிடும். யூடியூப் கிட்ஸ் செயலியில் டைமர் இருக்கிறது, 10 நிமிடம் வைத்துவிட்டால் நிறுத்துவது போன்தான், அம்மாவோடு சண்டை இருக்காது.

இதில் கிடைக்காதவையும் உண்டு. பேங்க், ஆஸ்பத்திரிச் சீட்டு, போனில் புகார் சொல்வது, இன்டர்வியூ எதுவும் குழந்தைக் கார்ட்டூனில் வராது. எழுத்துக்கூட்டிப் படிப்பதும் தனி வேலை. வீட்டில் யாராவது நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போக ஓஇடி, ஐஇஎல்டிஎஸ் போன்ற இங்கிலீஷ் தேர்வு எழுதப் போகிறார்கள் என்றால் அதற்கான பயிற்சி வேறு. ஆனால் அடித்தளம் இங்கே கிடைக்கும். அன்றாடப் பேச்சின் பெரும்பகுதியை அதிகம் புழங்கும் 2000 முதல் 3000 சொற்குடும்பங்களே (ஒரு வார்த்தையும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) தாங்குகின்றன என்று நியூசிலாந்தின் பால் நேஷன் போன்ற சொல்லாய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வாரத்துக்கு 8 சொற்றொடர் என்றால் வருடத்தில் சுமார் 400. எண்ணிக்கை சின்னதாகத் தெரியலாம், ஆனால் 'டேக் ஆஃப்' ஒன்றை வைத்துக்கொண்டு ஷூ, சட்டை, கண்ணாடி, தொப்பி எல்லாவற்றையும் பேசிவிடலாம்.

அடுத்த எபிசோடுக்கு எப்போது போவது? சனிக்கிழமை சத்தமில்லாமல் ஓடும் ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடமாவது பிள்ளை தன் வாயால் குரல் கொடுக்க முடிந்தால் போகலாம். வரி வரியாகப் பொருந்த வேண்டியதில்லை, நடப்பதைச் சொன்னால் போதும். முடியவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம் அதையே பாருங்கள், அதற்கு மேல் இழுக்க வேண்டாம், சலித்துவிடும். வரிசையாக மழை, குளியல், காலைச் சாப்பாடு, சாமான் ஒதுக்கி வைத்தல், காய்ச்சல், கடைக்குப் போதல் என்று எடுங்கள். ஆறு எபிசோடு முடிந்ததும் ஒரு வாரம் மழைக் கதைக்கே திரும்புங்கள். முதலில் காதில் விழாமல் போன வார்த்தைகள் அந்த வாரம் பிடிபடும், அவற்றையும் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.